அபிளேஷன் செய்து 3 மாதத்தில் இருமல், மூச்சுத் திணறலா? 'டிபி' என்று முடிவு செய்யும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியது என்ன?

இதயம் தாறுமாறாகத் துடித்ததற்காக அபிளேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார் ஒருவர். படவேடு பக்கத்தில் ஆரணிப் பட்டு நெய்யும் தறிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை நடந்தது வேலூரிலோ சென்னையிலோ உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில். படபடப்பு நின்றுவிட்டது. சில வாரங்களில் மறுபடி தறியில் உட்கார்ந்தாயிற்று. டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் போய்விட்டது.

மூன்றாவது மாதம் வறட்டு இருமல் ஆரம்பிக்கிறது. தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஒருநாள் சளியில் ரத்தக் கோடு. உள்ளூர் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். நுரையீரலில் ஒரு பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. 'நிமோனியாவா இருக்கலாம்' என்று ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக். அதில் சரியாகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் டிபி.

'மூணு மாசம் முன்னாடி தொடை வழியா ஒயர் விட்டு ஹார்ட்ல சூடு வெச்சாங்க' என்பதை அவர் டாக்டரிடம் சொல்லவே இல்லை. இருமலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அபிளேஷனுக்குப் பிறகு அபூர்வமாக வரும் 'நுரையீரல் நாளச் சுருக்கம்' இப்படித்தான் வேறொரு நோயின் வேஷத்தில் வந்து நிற்கும்.

துடிப்புக் கோளாறுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு?

நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு நான்கு நாளங்கள் வழியாக வந்து சேர்கிறது. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. இவைதான் நுரையீரல் சிரைகள். மருத்துவமனைப் பேச்சில் 'பல்மனரி வெயின்'. ஒவ்வொன்றும் இதயத்தைத் தொடும் இடத்தில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சிலருக்கு மூன்று இருக்கும், சிலருக்கு ஐந்து, அதுவும் இயல்புதான்.

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும் நிலை. டாக்டர்கள் சுருக்கமாக 'ஏஎஃப்' என்பார்கள். நாடி பிடித்துப் பார்த்தால் தாளமே இருக்காது. ரத்தம் மேலறையில் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் இல்லாதவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இந்தத் தாறுமாறுத் துடிப்பைக் கிளப்பிவிடும் மின்பொறி எங்கிருந்து வருகிறது என்று பல ஆண்டுகள் தெரியவில்லை. 1998-ல் பிரான்ஸ் நாட்டு போர்தோ நகரில் மிஷல் ஐசகேர் தலைமையிலான குழு 45 நோயாளிகளை ஆராய்ந்தது. பொறி கிளம்பிய 69 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. இதயச் சுவரின் தசை இழைகள் அந்த நாளங்களுக்குள்ளும் கொஞ்ச தூரம் நீண்டிருக்கின்றன. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் வழி எளிதாகத் தெரிந்தது. தொடை ரத்தநாளம் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், பொறி கிளம்பும் இடத்தைச் சூடு வைத்துச் செயலிழக்கச் செய்வது. அதுதான் அபிளேஷன்.

நாளம் ஏன் சுருங்குகிறது?

முதல் தலைமுறை டாக்டர்கள் பொறி இருந்த இடத்துக்கே, அதாவது நாளத்துக்குள்ளேயே போய் சுட்டார்கள். சுட்ட இடத்தில் தழும்பு வரத்தானே செய்யும்? கையில் சுட்ட புண் ஆறும்போது தோல் இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்போம். அதே மாதிரி நாளத்தின் சுவரும் தடித்து, உள்பக்கமாக இழுத்துச் சுருங்கியது. போர்தோ ஆய்வு வெளியான அதே 1998-லேயே அமெரிக்காவிலிருந்து, அபிளேஷனுக்குப் பின் நுரையீரல் சிரைகள் கடுமையாகச் சுருங்கிய இரண்டு நோயாளிகளைப் பற்றிய அறிக்கையும் வந்தது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினார்கள். இப்போது நாளத்துக்குள் சுடுவதில்லை. நாளம் இதயத்தில் திறக்கும் வாய்க்கு வெளியே, மேலறைச் சுவரில் ஒரு வளையம் போட்டு, உள்ளிருந்து வரும் மின்பொறி தாண்ட முடியாதபடி வேலி கட்டுகிறார்கள். சிலர் சூட்டுக்குப் பதில் பலூனில் கடும் குளிரைச் செலுத்துவதும் உண்டு. கடுமையான சுருக்கம் இப்போது பெரும்பாலும் நூறில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனாலும் வளையம் கொஞ்சம் உள்ளே தள்ளி விழுந்தாலோ, அபிளேஷனை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வந்தாலோ ஆபத்து கூடும். குளிர் பலூனிலும் இது அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

எல்லா அபிளேஷனுக்கும் இந்தப் பயம் தேவையா?

தேவையில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் 'அபிளேஷன்' என்ற ஒரே பெயரில் பல சிகிச்சைகள் நடக்கின்றன. திடீரென்று நிமிடத்துக்கு 180, 200 என்று துடித்து, திடீரென்று நின்றுவிடும் 'எஸ்விடி' பிரச்சினைக்காக அபிளேஷன் செய்துகொண்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குச் சுட்டது இதயத்தின் வேறு இடத்தில். நுரையீரல் சிரைப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றும், சிகிச்சை என்ற இடத்தில் 'பல்மனரி வெயின் ஐசொலேஷன்' அல்லது 'பிவிஐ' என்றும் இருந்தால் இது உங்களுக்கான செய்தி. ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரியவில்லை என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

அறிகுறிகள் ஏன் ஏமாற்றுகின்றன?

நாளம் சுருங்கினால் என்ன நடக்கும்? வயலில் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் தேங்கும். அதேபோல அந்த நாளம் வடிக்க வேண்டிய நுரையீரல் பகுதியில் ரத்தம் தேங்குகிறது. அழுத்தம் ஏறி, நீர் கசிகிறது. சின்ன நாளங்கள் வெடித்து ரத்தமும் வரலாம். எக்ஸ்ரேயில் அந்தப் பகுதி வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். பார்ப்பதற்கு நிமோனியா மாதிரியே இருக்கும்.

இதில் மூன்று சிக்கல்.

முதலாவது, காலம். சிகிச்சை முடிந்த மறுநாள் வந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். இது பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தலைகாட்டுகிறது. இன்னும் தாமதமாகவும் வரலாம். தழும்பு இறுகுவதற்கு அவ்வளவு நாள் ஆகிறது. அதுக்குள்ள நோயாளியும் மறந்திருப்பார், 'ஹார்ட் இப்ப நல்லா இருக்கு' என்று ஊரிலும் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, ஒரு நாளம் மட்டும் சுருங்கினால் மற்ற மூன்றும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பலருக்கு எந்தத் தொந்தரவுமே இருக்காது. ஒரே பக்கத்தில் இரண்டும் சுருங்கும்போதோ, ஒன்று முழுக்க அடைபடும்போதோதான் உடம்பு காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது, எல்லோரும் எதிர்பார்க்கிற 'ரத்த வாந்தி' மாதிரியான பெரிய அடையாளம் பெரும்பாலும் வருவதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான சுருக்கம் இருந்த 23 பேரில் ஐந்தில் நான்கு பேருக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. இருமலில் ரத்தம் வந்தவர்கள் மிகச் சிலரே. அதே மருத்துவமனை 2016-ல் 124 நோயாளிகளைப் பற்றி வெளியிட்டபோதும் மூச்சுத்திணறல்தான் முதல் இடத்தில் இருந்தது. சோர்வும், முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாமல் போவதும் அடுத்து. ரத்தம் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான். ஆக, 'ரத்தம் வரல, அப்ப பிரச்சினை இல்ல' என்று இருந்துவிடக் கூடாது. நாள் முழுக்கத் தறி மிதித்தவர் பாதி நாளிலேயே களைத்து இறங்குகிறார் என்றால் அதுவே போதுமான அடையாளம்.

தமிழ்நாட்டில் இதை இன்னும் சிக்கலாக்குவது டிபி. உலகத்தில் டிபி வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இருமலில் ரத்தம், எக்ஸ்ரேயில் படிவம் என்றால் டாக்டர் முதலில் டிபியை நினைப்பது சரியான காரியம். சளிப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கும்போது. டிபி சிகிச்சை ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் பாதி அடைத்த நாளம் முழுசாக மூடிவிடலாம். மூடிய பிறகு திறப்பது எளிதல்ல.

வேறு சில தவறான பாதைகளும் உண்டு. ஏஎஃப் நோயாளிகள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். இருமலில் ரத்தம் வந்தால் 'அந்த மாத்திரையாலதான்' என்று பழி அதன்மேல் விழும். சிலர் தாங்களாகவே நிறுத்தியும் விடுவார்கள். அதனால் பக்கவாதம் வரலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையில் கை வைக்க வேண்டாம். இந்தியாவில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இங்கே ஏஎஃப் வருபவர்களில் கணிசமானவர்களுக்கு, சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கும். வால்வு சுருங்கினாலும் மூச்சு வாங்கும், இருமலில் ரத்தம் வரும். வெளிநாட்டு ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் என்று சந்தேகித்துத் திசு எடுத்துப் பார்த்தவர்களைப் பற்றிய பதிவுகள்கூட உள்ளன.

எந்த ஸ்கேனில் தெரியும்?

முதலில் எதில் தெரியாது என்று பார்த்துவிடலாம். இசிஜி-யில் தெரியாது. நெஞ்சின் மேல் கருவி வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் இந்த நாளங்கள் முதுகுப் பக்கம் மறைந்திருப்பதால் சரியாகத் தெரிவதில்லை. 'எக்கோ நார்மல்' என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாளம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பலர் நிம்மதி அடைந்து வீட்டுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான்.

தெளிவாகக் காட்டுவது, கை நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கையில் ஏற்றும் மருந்து முதலில் இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் தமனிக்குள் பாய்ந்து, நுரையீரலைச் சுற்றி வந்த பிறகே சிரைகளை நிரப்புகிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தேடும் சிடி, மருந்து தமனியில் இருக்கும் நொடியில் படம் பிடிக்கும். சிரைகளைப் பார்க்க வேண்டும் என்றால் சில நொடிகள் தள்ளிப் பிடிக்க வேண்டும். அதனால் 'செஸ்ட் சிடி' என்று பொதுவாக எழுதிக்கொடுத்தால் போதாது. 'பல்மனரி வெயின்' பார்க்க வேண்டும், இந்தத் தேதியில் அபிளேஷன் நடந்தது என்று ஸ்கேன் சீட்டில் டாக்டர் எழுதினால், படம் எடுப்பவரும் ரிப்போர்ட் எழுதுபவரும் சரியான இடத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு வரி இல்லாததால் படத்தில் இருந்தும் கண்ணில் படாமல் போகலாம்.

சுருக்கத்தை அளப்பது பழைய அகலத்தோடு ஒப்பிட்டு. பாதிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால் லேசானது, 50 முதல் 70 சதவீதம் மிதமானது, 70-க்கு மேல் கடுமையானது என்று வகைப்படுத்துகிறார்கள். ஒப்பிட வேண்டுமானால் அபிளேஷனுக்கு முன் எடுத்த படம் வேண்டும். பலருக்கும் சிகிச்சைக்கு முன் இதய அறையின் வரைபடத்துக்காக ஒரு சிடி எடுத்திருப்பார்கள். அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் இல்லை என்றால் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிடி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் முதலில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். எம்ஆர்ஐ-யிலும் நாளங்கள் நன்றாகத் தெரியும். உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவில், குறுகிய இடத்தில் ரத்தம் சீறிப் பாயும் வேகத்தை அளந்து சந்தேகத்தை உறுதிப்படுத்தலாம்.

'வி-கியூ ஸ்கேன்' என்று இன்னொன்று இருக்கிறது. நுரையீரலின் எந்தப் பகுதிக்குக் காற்று போகிறது, எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது என்று தனித்தனியாகக் காட்டும். நாளம் அடைத்த பகுதியில் காற்று போகும், ரத்தம் போகாது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் இதே படம்தான் வரும். அபிளேஷன் நடந்த விவரம் தெரியாத டாக்டர் 'கட்டி' என்று முடிவெடுப்பதில் ஆச்சரியம் இல்லை. எந்தக் கருவியை எடுத்துக்கொண்டாலும் கதை அந்த ஒரு விவரத்தில்தான் வந்து நிற்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் 3 மாதத்தில் சிடி எடுத்துவிடலாமே?

நியாயமான கேள்விதான். சில மருத்துவமனைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் தொந்தரவே இல்லாதவர்கள் எல்லோருக்கும் எடுக்கத் தேவையில்லை என்பதே பல டாக்டர்களின் கருத்து. பாதிப்பு இப்போது அபூர்வம். கதிர்வீச்சு, மருந்து, செலவு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு வீண். அறிகுறி வந்தால் உடனே எடுப்பது என்பதுதான் நடைமுறை. அப்படியென்றால் அறிகுறியை அடையாளம் காணும் பொறுப்பு நோயாளி மேலும், அவர் முதலில் போகும் உள்ளூர் டாக்டர் மேலும் வந்து விழுகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது 'ஆறு மாசத்துக்கு இருமல், மூச்சு வாங்கினா எங்களுக்குப் போன் பண்ணுங்க' என்று தமிழில் ஒரு வரி எழுதிக்கொடுப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. இன்னும் பல இடங்களில் அது நடப்பதில்லை.

அந்த வரி இல்லாவிட்டாலும், அபிளேஷன் செய்துகொண்டவர் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, முதல் வாக்கியமாகவே தேதியோடு சொல்லிவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையமோ, ஆரணி அரசு மருத்துவமனையோ, அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால்கூடப் போதும். வாய் நிறைய ரத்தம் வந்தாலோ, படுக்க முடியாமல் மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அபிளேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் காய்ச்சலும், விழுங்கும்போது நெஞ்சு வலியும் வந்தால் அது உணவுக்குழாய் சம்பந்தப்பட்ட வேறொரு ஆபத்து. அதற்கும் சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கே உடனே தகவல் போக வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு என்ன சிகிச்சை?

தழும்பால் சுருங்கிய நாளத்தை மாத்திரையால் விரிக்க முடியாது. லேசான சுருக்கம், தொந்தரவும் இல்லை என்றால் விட்டுவிடலாம். மிதமானது என்றால் சில வாரங்கள் கழித்து மறுபடி சிடி எடுத்து, கூடுகிறதா என்று கண்காணிப்பார்கள். வேகமாக மூடிக்கொள்ளும் நாளங்களும் உண்டு என்பதால் 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்பது இங்கே சரிப்படாது.

கடுமையானது என்றால், அபிளேஷனுக்குப் போன அதே வழியில், தொடை நாளம் வழியாக உள்ளே போய், பலூனை ஊதி நாளத்தை விரிக்கிறார்கள். பலருக்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூச்சு வாங்குவது சீக்கிரமே குறைகிறது. தொல்லை என்னவென்றால் மறுபடி சுருங்குவது. 2016-ல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில், பலூன் மட்டும் போட்ட நாளங்களில் பாதிக்கும் மேல் மறுபடி சுருங்கின. ஸ்டென்ட் வைத்தவற்றில் சுமார் நான்கில் ஒன்று. அகலமான ஸ்டென்ட் வைக்க முடிந்தால் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். முழுக்க மூடிச் சுருண்டுபோன நாளத்தில் அகலமான ஸ்டென்ட்டுக்கு இடமே இருக்காது. சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு விஷயம். மிகக் குறுகிய நாளத்தில் சிடி மருந்து மெதுவாக வருவதால், நூல் அளவு வழி மிச்சம் இருந்தும் 'முழு அடைப்பு' என்று ரிப்போர்ட் வரலாம். அப்படி எழுதியிருந்தால் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். உள்ளே கதீட்டர் விட்டு நேரடியாக ஆஞ்சியோ செய்து பார்த்தால் வழி தெரியக்கூடும்.

இனி அபிளேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு நிலைமை இதைவிட நல்லது. சூடும் குளிரும் இல்லாமல், நொடிக்கும் குறைவான மின்துடிப்புகளால் இதயத் தசை செல்களை மட்டும் குறிவைக்கும் 'பல்ஸ்டு ஃபீல்டு' முறை வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இரண்டு நிறுவனங்களின் கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் பெரிய நகர மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. 2023-ல் முடிவு வெளியான 'அட்வென்ட்' என்ற ஆய்வில், சூடு அல்லது குளிர் முறைக்குப் பின் நுரையீரல் சிரைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. பல்ஸ்டு ஃபீல்டு முறையில் ஒரு சதவீதம்கூட இல்லை. செலவு அதிகம் என்பதால் எல்லோருக்கும் எட்டுவதற்கு நாளாகும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடர வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒரு சிடி எடுக்கச் சொல்வார்கள். மூச்சு வாங்குவது நின்றுவிட்டதே என்று அந்தத் தேதியை விட்டுவிடக் கூடாது, ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சுருங்குவதும் முதலில் சத்தமில்லாமல்தான் தொடங்கும்.